ஐஸ் ஆட்டின் விலை

நான் சமைத்த இறைச்சியை விற்றுப் பெயர் வாங்கியவள், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இதை முதலில் சொல்லாமல் அந்தக் கடையைப் பற்றி என்னால் பேச முடியாது.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் கப்பல் கப்பலாகக் கொழும்பை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கலியாணமான புதிதில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டம் என்றால் மரம் செடி எதுவும் இல்லை. ஒரு தண்ணீர்ப் பைப்பைச் சுற்றி முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். என் கணவருக்கு ஓர் இறைச்சிக் கம்பனியில் வேலை. துறைமுகப் பக்கத்தில் கம்பனிக்குப் பெரிய ஐஸ் அறை ஒன்று இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் செம்மறிக் குட்டிகளை அவர் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அதற்குள் அடுக்குவார். தலை இல்லை, தோல் இல்லை, குடல் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, கல்லாய் விறைத்துப் போன உடல்கள். மத்தியானச் சோற்றுக்கு வரும்போதும் அவருடைய காது குளிர்ந்துதான் இருக்கும்.

பட்டாளம் இருந்தவரைக்கும் அந்த இறைச்சியை விற்பது ஒரு வேலையே இல்லை. முகாம்கள் வாங்கின, கல்கிசை ஹோட்டல் வாங்கியது, துரைமார் வீட்டுச் சமையல்காரக் கோக்கிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பட்டாளம் போனதும் ஐஸ் அறைக்குள் ஆடு அப்படியே நின்றுவிட்டது. கம்பனிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக ஒரு கடை இருந்தது. சுற்றிவர எல்லாம் கந்தோர் உத்தியோகத்தர் வீடுகள், பாதிக்குமேல் தமிழர். இவர்களைத் தின்னப் பழக்கினால் என்ன என்று அந்தக் கடை மனேஜருக்கு யோசனை வந்தது. மனேஜர் பறங்கியர், வயதானவர், நல்ல மனிதர். தமிழ் பாதியும் சிங்களம் பாதியுமாகக் கதைப்பார். ஒரு நாள் கம்பனி லொறியில் கடைக்கு ஆடு இறக்க வந்த என் கணவரிடம், "உன்ட மனுசி நல்லாக் கறி சமைக்கிறதா?" என்று கேட்டார். என் கணவர் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, பிறகுதான் எனக்குச் சொன்னார்.

அப்படித்தான் கிழமையில் மூன்று நாள் நான் புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போகத் தொடங்கினேன். கடைக்குப் பின்னால் ஒரு சிறு அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, என் வீட்டு மண்சட்டி. நான் சமைப்பேன். கடைக்கு வருபவர்களுக்கு வாழையிலைத் துண்டில் கறியை இரண்டு இரண்டு துண்டாக வைத்துக் கொடுப்பார்கள். தின்று பார்த்துப் பிடித்தால் வாங்க வேண்டும்.

அந்த இறைச்சியோடு நான் முதல் இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன். வெள்ளாட்டைச் சமைப்பது போல் சமைத்தால் கறி ஆறும்போது கொழுப்பு மெழுகாய் உறைந்து உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்பளி வாசம் வேறு. பிறகு வழி பிடித்துக்கொண்டேன். வெளிக் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, மஞ்சளும் வினாகிரியும் போட்டுப் பிசைந்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மிளகு கொஞ்சம் கூட்டி, வறுத்த தூளில் சமைத்தேன். வாசம் போனது. மனேஜர் மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றார். வந்தவர்களும் தின்றார்கள். இலையை வழித்துத் தின்றார்கள். தின்றுவிட்டு, கைலேஞ்சியில் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வாங்கியவர்கள் மிகக் கொஞ்சம்.

இத்தனைக்கும் விலை மிகவும் குறைவு. சந்தையில் வெள்ளாட்டிறைச்சி ஒரு இறாத்தல் விற்ற விலையில் பாதிக்குத்தான் நாங்கள் போட்டிருந்தோம். அது என் யோசனை. முதலில் மனேஜர் முக்கால் விலைக்கு எழுதி வைத்திருந்தார். நான்தான், "பாதியாக்குங்கோ துரை, சனம் தானாய் வரும்" என்றேன். அவர் அப்படியே பலகையில் மாற்றி எழுதினார். சனம் வந்து பலகையைப் பார்த்தது, ஆட்டைப் பார்த்தது, திரும்பிப் போனது. சந்தையில் கடைக்காரர் வெள்ளாடு என்று காட்ட வாலை வெட்டாமல் விட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே வாலும் இல்லை. முஸ்லிம் வீட்டுக்காரர்கள், அறுத்தது யாரென்று தெரியாத இறைச்சியை நின்றும் பார்க்கவில்லை, அது நியாயம். மற்றவர்களோ எப்போதோ செத்த ஆடு என்றார்கள். ஐஸ் ஆடு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவள் வந்தது ஒரு சனிக்கிழமை. பின்னறைக் கதவு இடுக்கால் பார்த்தேன். ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, குடையை மடக்கி, கடைக்குள் காலை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள் ஒரு பக்கம் லேசாய்ச் சாய நடப்பாள், சின்ன வயதிலும் அப்படித்தான்.

கொட்டாஞ்சேனை கொன்வென்டில் நாங்கள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கு. அவள் சைவச் சமயப் பிள்ளை, ஆனால் வீட்டில் மீனும் இறைச்சியும் சமைப்பார்கள். தகப்பனுக்குப் புறக்கோட்டையில் கொப்பி பென்சில் விற்கும் கடை. ஒரு நத்தாருக்கு எங்கள் வகுப்பு இயேசு பிறப்பு நாடகம் போட்டது. சம்மனசு பேச வேண்டிய வசனம் முழுவதும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் நிற்காது. ஆனால் சிறகு கட்டி மேடையில் நிறுத்தியது அவளைத்தான். மூன்றாவது வரியில் அவள் மறந்துபோனாள். மறந்த இடத்தில் தானாக எதையோ சேர்த்துச் சொன்னாள். சபை கை தட்டியது. அது புத்தகத்தில் இல்லாத வசனம் என்று எனக்கும் எங்கள் மதருக்கும் மட்டும்தான் தெரியும். மதரும் கை தட்டினார். அடுத்த வருடம் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போக என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். அவள் தொடர்ந்து படித்து, இங்கிலீசில் கதைக்கப் பழகி, ரெயில்வே கிளாக்கர் ஒருவரைக் கட்டி வெள்ளவத்தைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவள் இலையில் கொடுத்த கறியை நின்றபடியே தின்றாள். கண்ணை மூடித் தின்றாள். இன்னொரு இலை கேட்டாள். பிறகு மனேஜரிடம், இது யார் சமைத்தது என்று கேட்க, அவர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"எடியே, நீயா?" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையெல்லாம் மஞ்சள். அவள் அதைப் பார்க்கவும் இல்லை. "உன்ர கை இப்பிடி எண்டு எனக்கு அந்த நாளையில தெரியாமப் போச்சே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைத்தது கொஞ்சம், மனேஜரோடு கதைத்ததுதான் அதிகம். இங்கிலீசில். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் அந்தக் கடையில் இருந்து நான் பார்க்காத சிரிப்பு. அடுத்த செவ்வாயிலிருந்து அவள் முன்னால் நிற்பாள், வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லுவாள் என்று முடிவாகிவிட்டது. அவளுடைய சம்பளம் என்னுடையதைவிடக் கூட என்பதை என் கணவர் வந்து சொன்னார். "படிச்ச பிள்ளைதானே" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் செய்த முதல் காரியம் விலையைக் கூட்டியது.

நான் பின்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னால் மனேஜர் வேண்டாம் வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்வது கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் ஸ்டூலில் ஏறி நின்று பலகையில் என் விலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாதி விலையிலயே சனம் வாங்கேல்லை," என்றேன். "கூட்டினா ஆர் வாங்குவினம்?"

"பாதி விலை எண்டபடியாத்தான் வாங்கேல்லை," என்றாள், திரும்பாமலே. "நீ யோசிச்சுப் பார். வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கு. பந்தியில இறைச்சியை வைச்சிட்டு, இது பாதி விலைக்கு வாங்கினதெண்டு ஒரு பொம்பிளை சொல்லுவாளே? பக்கத்து வீட்டுக்காரி பார்த்திட்டாலே அவமானம்."

சந்தை வெள்ளாட்டு விலைக்கும் மேலே இரண்டு சதம் கூட்டி எழுதினாள். ஐஸ் என்ற சொல்லைக் கடைக்குள் யாரும் சொல்லக் கூடாது என்றாள். கண்ணாடிப் பெட்டியில் நிறைய அடுக்கியிருந்ததை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி, இரண்டே இரண்டு தொடை மட்டும் வெளியே தெரிய வைத்தாள். சனிக்கிழமை மட்டும்தான் கறித்துண்டு வெட்டுவோம், முதலே சொல்லி வைக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னாள். வெள்ளைக் கடதாசியில் சுற்றிச் சிவப்பு நூலால் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நூல் எங்கிருந்து வந்ததென்று யோசித்தேன். தகப்பன் கடையாக இருக்க வேண்டும்.

முதல் சனி ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த சனி கடை வாசலில் ரிக்‌ஷாக்கள் நின்றன. அவள் ஒவ்வொருவருக்கும் சமைக்கும் விதத்தைச் சொன்னாள். கொழுப்பை வழிக்க வேணும், வினாகிரியில ஊற விட வேணும், அந்தத் தண்ணியைக் கொட்ட வேணும். எல்லாம் நான் கண்டுபிடித்தது. அவள் வாயால் கேட்கும்போது எனக்கே அது புதிதாக இருந்தது. நான் சொல்லியிருந்தால், கொழுப்பு நாறும், அதனால் வழிக்க வேண்டும் என்றிருப்பேன். அவளோ, வழிக்காவிட்டாலும் பாதகமில்லை, ஆனால் வழித்தால் இறைச்சி ரோசாப்பூ நிறத்துக்கு வரும் என்றாள். வந்த பெண்கள் தலையாட்டினார்கள். பின்னறையில் நின்ற நான் வழித்த கொழுப்பை வாளிக்குள் ஓங்கி எறிந்தேன்.

அவளுடைய சேலைகளை எண்ணினேன். அவள் சிரிக்கும்போது தெரியும் பல்லைப் பார்த்தேன். வேலை முடிந்ததும் அவள் பின்னறைக்கு வந்து, தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து கையையும் கழுத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கட்டியிருந்த சேலையைக் களைந்து மடித்து என் அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு வேறு சேலை கட்டிக்கொண்டு போவாள். பகல் முழுக்க அந்த வாசத்திலேயே நின்று பஸ்ஸில் அப்படியே வீட்டுக்குப் போகிறவள் நான். என்னிடமிருந்து ஒட்டிய அழுக்கைக் கழுவுவது போலத்தான் அது எனக்குப் பட்டது.

வீட்டிலும் அவள் கதைதான். "இண்டைக்கு பன்னிரண்டு ஆடு இறக்கினம்," என்பார் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே. "அந்தப் பிள்ளைக்கு நல்ல மூளை."

"சமைச்சது ஆர்?" என்று கேட்டேன்.

"நீதான். உன்ர கறியை ஆர் குறை சொன்னது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அவளைப் போல் நானும் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. வெள்ளவத்தையில் அல்ல, கொட்டாஞ்சேனையில், என் தோட்டத்தில். மனேஜரிடம், கிழமைக்கு இரண்டு ஆடு முழுசாகத் தாருங்கோ, விற்றுக் காசைத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் தயங்காமல் சரி என்றார். என் கணவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பைப்படியில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு, அவளைப் போலவே சொல்லிப் பார்த்தேன். ரோசாப்பூ நிறம் என்றேன். அடுத்த வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலை இல்லை, ஈரல் இல்லை, குடல் இல்லை," என்றாள். "இது ஆடோ, விறகோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அன்று ஓர் ஆடுகூட விற்கவில்லை. இரவிரவாக உப்பும் மிளகும் தடவி, என் வீட்டுக்கும் என் மச்சாள் வீட்டுக்குமாக முடித்தோம்.

ஆனால் அடுத்த வீட்டுக்காரி கேட்ட கேள்வி என் மண்டைக்குள் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் குடியிருந்த நாலைந்து வீட்டார் பண்டிகை வந்தால் பங்கு போடுவார்கள். பல வீடு சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அறுத்து, ஓலைப்பாயில் கூறு கூறாக வைத்துப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு கூறிலும் தொடை, நெஞ்செலும்பு, கழுத்து, ஈரல், குடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இறைச்சி கூடக் குறையப் போனாலும் பரவாயில்லை, ஈரல் இல்லாத கூறை ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். ஐஸ் ஆட்டில் இல்லாததை வேறு எங்காவது வாங்கிச் சேர்த்தால் என்ன?

கொட்டாஞ்சேனைச் சந்தையில் நாங்கள் எப்போதும் வாங்கும் ஆட்டிறைச்சிக் கடை முஸ்லிம் நானாவிடம் போனேன். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ட வியாபாரத்தக் கெடுக்கிற ஐஸ் ஆட்டுக்கு, நானே ஈரல் தரோணுமா புள்ள?"

"சும்மா கேக்கேல்லை நானா. விலைக்குத்தான்."

தொங்கிய குடலை ஒரு பார்வை பார்த்தார். "குடலும் சேத்து மொத்தமா எடுப்பியா?"

"எடுப்பன்."

"மழ நாளிலயும்?"

"மழை நாளிலயும்."

மறுபடி கத்தியைக் கையில் எடுத்தார். மழை நாளில் குடலை வாங்க ஆள் வராது, அது அவருக்குப் பெரிய தொல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பைப்படியில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, ஐஸ் ஆட்டை வெட்டிக் கூறு வைத்தோம். ஒவ்வொரு கூறின்மேலும் நானாவின் ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு. நான் எதையும் மறைக்கவில்லை. "இறைச்சி கப்பலால வந்தது, ஈரல் சந்தையால வந்தது," என்றேன். விறகோ என்று கேட்டவள்தான் முதல் கூறை எடுத்தாள். இறாத்தல் கணக்கு இல்லை, தராசு இல்லை. கூறுக்கு ஒரு விலை. இருட்டுவதற்குள் பாய் காலியாகிவிட்டது. அடுத்த கிழமை பக்கத்துத் தோட்டத்துச் சனமும் வந்தது. நான் அந்த இரண்டு கிழமையும் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடையை என் கணவர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கிழமை வெள்ளவத்தைக் கடைக்குள் காலை வைத்தேன். வாசலில் புதுப் பலகை. இங்கிலீசிலும் தமிழிலும் எழுதியிருந்தது. பங்கு இறைச்சி. கீழே விலை, நான் கொட்டாஞ்சேனையில் வைத்த விலையைவிட நன்றாகவே கூட. அவள் ஒரு பெரிய வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊரில எங்கட ஐயாமார் போடுற பங்கு மாதிரியே, ஈரலோட. இஞ்ச கொழும்பில வேற எங்கயும் கிடையாது." அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். இறைச்சி வாங்க வந்தவளை ஊர் நினைவில் அழ வைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா போனபிறகு அவளிடம் சொன்னேன். "இது என்ர யோசனை."

"ஓம், உன்ர யோசனைதான்," என்றாள். "உன்ர மனுசன் சொன்னவர். நான் மனேஜரிட்டயும் அப்பிடித்தான் சொன்னனான்."

நான் நேரே மனேஜரிடம் போனேன். அவர் எழுந்து நின்று, "வெரி குட் ஐடியா," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது என்னுடையது என்று அவள் முதலே சொல்லிவிட்டதாகவும், அந்த மாதத்திலிருந்து என் சம்பளத்தையும் கூட்டுவதாகவும் சொன்னார். சண்டை பிடிக்க வந்தவளுக்குச் சண்டைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் திருடியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னறைக்குப் போய் மிளகை இடித்தேன். தேவைக்கு மேலேயே இடித்தேன்.

மழை தொடங்கிய மாதம். ஒரு பின்னேரம் காலி வீதி தெரியாத அளவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. மனேஜர் போய்விட்டார். அவள் பின்னறையில் தேசிக்காயால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் முன் கதவைச் சாத்தப் போனேன். வாசலில் ஒருவர் நின்றார். மெலிந்த மனிதர், கந்தோர்க் கோட்டு, முழங்கால் வரை நனைந்திருந்தார். கையில் இரண்டு குடை. ஒன்றை விரித்துப் பிடித்திருந்தார், மற்றது மடித்தபடி இருந்தது.

"தங்கச்சி, நீங்கள்தான் இஞ்ச சமைக்கிறவவோ?"

ஓம் என்றேன்.

"உள்ளுக்கு நிக்கிறவ என்ர மனுசி. இந்தக் குடையை அவவிட்டக் குடுப்பியளே? நான் வந்தனான் எண்டு சொல்லாதேங்கோ. கடையில கிடந்ததெண்டு சொல்லுங்கோ. கந்தோரில இரவல் வாங்கினதுதான், அவவுக்கு அடையாளம் தெரியாது."

"நீங்களே குடுக்கலாமே," என்றேன். "உள்ளுக்குத்தான் நிக்கிறா."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கட வீட்டில மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒண்டும் உள்ளுக்கு வராது. அம்மா சரியான கட்டுப்பாடு, ஆனா வாசல் தாண்டிறதில்லை. இவ கொன்வென்டில தையல் படிப்பிக்கிறதெண்டுதான் வீட்டில சொல்லியிருக்கிறா. எனக்கும் அப்பிடித்தான் சொன்னவ."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தேசிக்காயில கழுவினாலும் வாசம் தலைமயிரில நிக்கும் தங்கச்சி. எனக்குத் தெரியாமல் இருக்குமே?" அவர் லேசாகச் சிரித்தார். "கலியாணம் முடிச்சு வந்த நாள் தொடக்கம் அவ எங்கட வீட்டில சரியாச் சாப்பிட்டதில்லை. இப்பதான் முகத்தில ஒரு வெளிச்சம். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா வெக்கப்பட்டு விட்டிட்டு நிண்டிடுவா. அதுதான்."

குடையை என் கையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். புகையிரதப் பாதைப் பக்கமாகத் திரும்பும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். சேலை மாற்றியதற்கும் தேசிக்காய்க்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு தின்றதற்கும் தெரிந்தது. இரக்கம் வரத்தான் செய்தது, அதற்கு முன்னால் மற்றது வந்துவிட்டது. மனைவி பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும், அந்தப் பொய் நனையாமல் இருக்கக் குடை இரவல் வாங்கி வந்து நிற்கிற ஒரு மனிதர் அவளுக்குக் கிடைத்திருக்கிறார். என்னுடையவர் அந்நேரம் லொறிக்குள் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். சம்பளம், சேலை, இங்கிலீசு எல்லாவற்றையும்விட அன்று அந்தக் குடைதான் என்னைச் சுட்டது.

அவள் வெளியே வந்தாள். "இந்தா," என்று நீட்டினேன். "கடையில கிடந்தது. கொண்டுபோ."

"நீ எப்பிடிப் போவாய்?"

"இண்டைக்கு எனக்குக் கம்பனி லொறி வரும்."

குடையை வாங்கி விரித்தாள். "நீ நல்லவளடி," என்றாள். நான் முன் கதவைச் சாத்தினேன். அவருக்குக் கொடுத்த வார்த்தையை அன்று மட்டுமல்ல, பிறகும் காப்பாற்றினேன். அவளுக்கு ஒருபோதும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் ஒரு சுகமும் இருந்தது.

அடுத்த வருடம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய கணவருக்கு மலைநாட்டில் ஒரு ஸ்டேசனுக்கு மாற்றம் வந்தது. மாமியார் வெள்ளவத்தையிலேயே இருக்கிறாராம். அவர்கள் இருவர் மட்டும் போகிறார்களாம். கடைசி நாள் அவள் முன்னால் நிற்கவில்லை. பின்னறைக்கு வந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டாள். சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தரச் சொன்னாள். கொடுத்தேன். மூளையெலும்பாகப் பார்த்து இரண்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

"அங்க போய் நானே சமைக்கப் பாக்கிறன்," என்றாள் தின்றுகொண்டே. "ஆனா எனக்கு உன்னை மாதிரி வராது. நான் வாயால சொல்லுவன், அவ்வளவுதான். கையால ஒண்டும் வராது."

"வாயால சொல்லித்தானே வித்தனீ."

"ஓம்," என்றாள். எலும்பை உறிஞ்சினாள். "அதுவும் எத்தினை நாளைக்கு."

அவள் போனபின் மனேஜர் என்னை முன்னால் நிற்கச் சொன்னார். பின்னறைக்கு என் மச்சாளைச் சேர்த்துக்கொண்டோம். முதல் ஒரு மாதம் கடைக்கு வந்த ஒவ்வொருத்தியும் வாசலில் காலை வைத்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த மிசி எங்கே? மாற்றலாகிப் போய்விட்டா என்று நான் சொல்லிச் சொல்லி என் வாய் கசந்தது. சமைக்கும் விதத்தைக் கேட்டால், கொழுப்பு உதட்டில் ஒட்டும், வழித்துப்போடுங்கோ என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். வாங்கினார்கள். கண் கலங்கி ஒருவரும் வாங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் கிழமை மனேஜர் சோக்கட்டியை என் கையில் தந்து, விலையை நீயே எழுது என்றார். பலகைக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று யோசித்தேன். அவள் வைத்திருந்ததைவிட மூன்று சதம் கூட்டி எழுதினேன். மனேஜர் விசில் அடித்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னரே எல்லாம் விற்றுத் தீர்ந்தது, பங்குக் கூறுகளுக்கு ஆட்கள் தங்களுக்குள் சண்டையே பிடித்தார்கள். அன்றைக்கு அவள் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார். பிறகு, "அந்தப் பிள்ளை இருந்திருந்தா இன்னும் ரெண்டு சதம் கூட்டியிருக்கும்," என்றார்.

அடுத்த கிழமை நான் அந்த இரண்டு சதத்தையும் கூட்டினேன். பாதி ஆடு அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் இரண்டு தொடை மட்டும் வைத்துப் பார்த்தேன், சிவப்பு நூல் கட்டிப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. மிஞ்சியதை லொறியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து, பைப்படியில் பாய் விரித்து, வந்த விலைக்குக் கூறு கூறாகக் கொடுத்தோம். அடுத்த வீட்டுக்காரிக்கு அன்று நல்ல லாபம். மனேஜர் என்னைக் கோபிக்கவில்லை. போன கிழமை விலையையே எழுதச் சொன்னார், அவ்வளவுதான். எழுதினேன். மூன்று சதம் கூட்டியதோடு நான் நின்றிருந்தால் சரி. எங்கே நிற்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்திருந்ததோ, அதைத்தான் நான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.